தண்ணீர் குடிக்காத ஃபோம்

ஃபைபர் படகு பழுது பார்க்கிறவனுக்கு எதிரிகள் இரண்டே பேர்தான். ஒன்று தண்ணீர். மற்றது, தன் படகுக்குள் தண்ணீர் போகவே போகாது என்று சாதிக்கும் படகுக்காரர்.

பினாங்கில் கெலுகோர் கடற்கரையோரம் ஒரு தகரக் கொட்டகையில் பதினோரு வருடம் இந்தத் தொழில் செய்தேன். ஆரம்பித்தபோது கடலுக்குள் பாலத்துக்குத் தூண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். விட்டபோது அதே பாலத்தில் நெரிசல் என்று ஜனங்கள் அலுத்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ ரிப்பேர், கடிகார ரிப்பேர், பல் பிடுங்குவது என்று ஏதாவது ஒரு பழுது வேலையில் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்ற வாக்கியத்தை நீங்களும் தினம் நாலு தடவை கேட்டிருப்பீர்கள்.

விஷயம் இதுதான். சின்ன ஃபைபர் படகில் நாம் நிற்கும் தளத்துக்குக் கீழே வெற்றிடம் இருக்கும். அதில் ஃபோம் நிரப்புவார்கள். இரண்டு டின்னில் வரும் திரவத்தைக் கலந்து ஊற்றினால் ஆப்ப மாவு மாதிரி பொங்கி, பிறகு இறுகிவிடும். படகு கவிழ்ந்தாலும், அலை அடித்து நிறைந்தாலும் அது மூழ்க விடாது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் தளத்தில் ஒரு ஆணித் துளை போதும். மேலே விழுகிற தண்ணீர் கீழே இறங்கும், வெளியேற வழி இல்லாவிட்டால் அங்கேயே குடித்தனம் நடத்தும். வருடக்கணக்கில் அதில் ஊறினால் ஃபோமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மிதக்க வைக்கப் போட்ட சாமானே படகை உள்ளேயிருந்து அமுக்கும். வைத்தியம் ஒன்றுதான்: தளத்தை அறுத்து, ஈர ஃபோமைத் தோண்டி எறிந்துவிட்டுப் புதிதாக ஊற்றவேண்டும். இதை ஒரு படகுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், நீங்கள் அவருடைய குழந்தையை அறுக்கக் கேட்டது போலப் பார்ப்பார்.

ரெசின் மணக்கிற கை

நான் முதலில் துறைமுகத்துப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கிளார்க். கமலாவும் அங்கேதான் வேலை செய்தாள். அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு வருடம் மன்றாடித்தான் கல்யாணத்துக்குச் சம்மதம் கிடைத்தது. பென்ஷன் உள்ள கிளார்க் வேலை என்பதுதான் அவள் அப்பா, அதாவது என் மாமா, என்னிடம் கண்ட ஒரே நல்ல குணம். கல்யாணமான எட்டாவது மாதம் அந்த வேலையை விட்டுவிட்டுப் படகுப் பட்டறை வைத்தேன். மாமா நாலு மாதம் என்னோடு பேசவில்லை.

சமாதானத்துக்காக நான் செய்ததுதான் அந்தப் படகு. பதினாறு அடி. மாமாவுக்கு மீன் பிடிப்பதில் பைத்தியம். நானே ஃபைபரில் ரெசின் பசை பூசி அச்சிலிருந்து எடுத்து, நானே ஃபோம் ஊற்றி, தளம் போட்டு, பக்கவாட்டில் 'கமலா' என்று பெயர் எழுதினேன். கடலில் இறக்கிய அன்று மாமா தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். என் அம்மா மாதா கோயிலிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார். "தளத்தில் மட்டும் ஒரு ஆணிகூட அடிச்சிடாதீங்க மாமா" என்று நான் மூன்று தடவை சொன்னேன். அவர் மூன்று தடவையும் தலையாட்டினார்.

அன்றிலிருந்து மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம் "இது எங்கட மருமோன் செய்தது" என்று சொல்லித் திரிந்தார். அந்தப் படகு நன்றாக மிதக்கும் வரைக்கும்தான் அந்த வீட்டில் எனக்கு மரியாதை என்று நான் உறுதியாக நம்பினேன். இறக்கிய அன்று அவர் படகுக்குள் ஏறி, காலால் இரண்டு தடவை தட்டிப் பார்த்து, நாலு மாத மௌனத்தை முறித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"ரெசின் மணக்கிற கையாலை எப்பிடிச் சோறு தின்னுறது எண்டு நான் யோசிச்சனான். பரவாயில்லை, நீர் தின்னும் காணும்."

லோரியில் வந்த கிணறு

நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் சுப்பையா அண்ணன். ஆற்றில் இறால் பிடிக்க ஒரு சின்னப் படகு வைத்திருந்தார். அதை லோரியில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். எஞ்சின் சரியாக இழுக்கவில்லை, நல்ல எஞ்சினாகப் பார்த்துச் சொல்லவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. படகை இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். வாங்கிய புதிதில் எத்தனை பேர் தூக்கினீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேரு. அப்ப நாங்கள்லாம் வயசுப் பிள்ளைங்க தம்பி" என்றார். வாங்கி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது.

அவரைக் கேட்காமலே படகின் பின்பக்கச் சுவரில் தளத்துக்குக் கீழே சின்னதாக ஒரு துளை போட்டேன். தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கீழே ஒரு வாளி வைத்தேன். நாங்கள் தேத்தண்ணி குடித்தோம், அது சொட்டியது. எஞ்சின்களைப் பற்றி அவர் பேசினார், அது சொட்டியது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தோம், மூன்றாவது வாளி நிறைந்திருந்தது. சுப்பையா அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வாளிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இத்தன நாளா ஒரு கெணத்தையா தம்பி நான் லோரியில ஏத்திக்கிட்டு அலைஞ்சேன்?"

எவனோ ஒரு கெட்டிக்காரன்

பட்டறையில் என்னோடு வேலை செய்தவர் வேலு அண்ணன். மரப்படகு ஆசாரியாக இருந்து ஃபைபருக்கு வந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர், என்னைவிட நூறு மடங்கு வாய். சுப்பையா அண்ணனின் படகை நாங்கள் இரண்டு பேரும்தான் அறுத்தோம். ஈர ஃபோமைத் தோண்டிக்கொண்டே போனபோது காரணம் தெரிந்தது. தளத்துக்குக் கீழே, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் தண்ணீர் வடிய அடியில் ஒரு வழி விடவேண்டும். பின்பக்கச் சுவரில் விரலளவு ஓட்டை வைத்து அடைப்பான் போடவேண்டும். கரையேற்றியதும் அடைப்பானைக் கழற்றினால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். அந்தப் படகைச் செய்தவன் வடிகிற வழியிலும் ஃபோமை ஊற்றி, ஓட்டையையும் ரெசின் வைத்து வழவழவென்று மூடியிருந்தான்.

'கமலா'வையும் நான் அப்படித்தான் செய்திருந்தேன். ஓட்டை இல்லாத படகுதானே நல்ல படகு என்று, அப்போது புதிதாகக் கை பழகியிருந்த திமிரில், அந்தத் துளையை மூடி உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி ஆக்கியிருந்தேன். மாமா அதைத் தடவிப் பார்த்துப் பாராட்டியும் இருந்தார். இப்போது யாரிடம் சொல்வது? வேலு அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டு, மூடிய ஓட்டையை விரலால் தட்டினார்.

"எவனோ தன்னைப் பெரிய கெட்டிக்காரன்னு நெனச்சிக்கிட்டு அடைச்சிருக்கான் தம்பி. கையில கெடச்சான்னா நாலு வார்த்த நறுக்குனு கேக்கணும்."

சாக்பீஸ் கணக்கு

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற ஒரு லெக்சரர், பட்டறையிலிருந்து நடக்கிற தூரத்தில் குடியிருந்தார். தமிழர்தான். அவருடைய படகு பின்பக்கம் அமுங்கிக்கொண்டே போயிற்று. ஃபோம் குடித்திருக்கிறது சார் என்றேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து, படகின் தளத்திலேயே குட்டிக் குட்டி வட்டங்களாக வரைந்தார். ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கிறது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போக வழியே கிடையாது என்று அரைமணி நேரம் விளக்கினார். உண்மையைச் சொன்னால், அவர் ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் ஜெயித்தால் மாமாவின் படகும் தப்பிக்கும்.

வேலு அண்ணன்தான் பொறுமையிழந்து, அந்த வட்டங்களுக்கு நடுவிலேயே கையகலத்துக்கு அறுத்தார். உள்ளேயிருந்து ஒரு துண்டு ஃபோமை எடுத்து லெக்சரர் கையில் வைத்தார். அவர் அதை லேசாகத்தான் அழுத்தினார், தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்து காலில் போட்டிருந்த சப்பாத்தில் விழுந்தது. அவர் வரைந்தது புது ஃபோமுக்குச் சரிதான் என்று நான் ஆறுதல் சொன்னேன். வருடக்கணக்கில் ஊறி, படகு அலையில் குதிக்கும்போதெல்லாம் நசுங்கி, குமிழ்கள் உடைந்துபோய்விடும் என்றேன். அவர் சப்பாத்தைப் பார்த்தார், சாக்பீஸைப் பார்த்தார், அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"புஸ்தகத்துல இருக்கிற ஃபோம் தண்ணி குடிக்காது மிஸ்டர். இது பினாங்கு ஃபோம் போலிருக்கு."

காதர் பாயின் தராசு

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மசாலைச் சாமான் கடை வைத்திருந்த காதர் பாய், நம்பவும் மாட்டார், சண்டையும் போடமாட்டார். அவர் படகிலிருந்து நான் எடுத்துக் காட்டிய ஃபோம் துண்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனார். கடைத் தராசில் நிறுத்து, எடையை ஒரு காகிதத்தில் எழுதி, துண்டைக் கடைக்கு மேலே தகரத்தில் வெயிலில் வைத்தார். பத்து நாள் கழித்து மறுபடி நிறுத்தார். பிறகு என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். நான் போனபோது இரண்டு காகிதத்தையும் மிளகு மூட்டை மேல் விரித்து வைத்திருந்தார். காய்ந்த துண்டு அப்பளம் மாதிரி லேசாக இருந்தது.

தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். பேச்சுவாக்கில், "உங்க மாமா வாராவாரம் வந்து மஞ்சத் தூள் வாங்கிட்டுப் போறாரே, வீட்டுல ஏதும் விசேஷமா?" என்று கேட்டார். மாமி சமையலுக்காக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது வேறு கவலை. காதர் பாய் காகிதங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, படகை அறுக்கச் சம்மதம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அவமானம்தான் அதிகம்.

"மல்லியில ஈரம் இருந்தா கையில அள்ளுனாலே சொல்லிடுவேன் தம்பி, முப்பது வருஷத் தொழில். எம் படகுல ஈரம் இருந்தது மட்டும் தெரியலையே லா."

பெயர் வைத்த பாவம்

இதற்குள் 'கமலா' இறக்கி நாலாவது வருடம். சனிக்கிழமை தவறாமல் மாமா தன் கூட்டாளிகள் இரண்டு பேரோடு காலையில் கடலுக்குப் போவார். கரையிலிருந்து பார்ப்பேன். பின்பக்கம் ஆறு மாதத்துக்கு ஒரு விரல்கடை தாழ்ந்துகொண்டிருந்தது. படகில் ஏறிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பார்த்தால் அறுக்கவேண்டும், அறுத்தால் நான் மூடிய ஓட்டை வெளியே வரும், அதோடு "எங்கட மருமோன் செய்தது" முடிந்துபோகும். ஒரு தடவை மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "படகை ஒரு நாள் பட்டறைக்குக் கொண்டுவாங்க மாமா, சும்மா பார்க்கிறேன்" என்றேன். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "தேவையில்லைத் தம்பி. உம்மட வேலையிலை எனக்கு முழு நம்பிக்கை" என்றார். அன்று இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

படகு கட்டும் ஜெட்டிப் பக்கம் போகும்போது தூரத்திலிருந்து பார்ப்பேன். தளத்தில் ஒரு பாய் விரித்து, அதன் மேல் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த பிரம்பு நாற்காலியைப் போட்டு, கடலிலும் தலைமைக் கிளார்க்காகவே உட்கார்ந்திருப்பார். மாமாவுக்குச் சொகுசு வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கமலாவிடம் ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வேறு வருத்தம் இருந்தது.

"கமலா வரவர கனத்துக்கிட்டே போகுது, பின்பக்கம் தாங்கலன்னு ஜெட்டியில எல்லாரும் பேசுறாங்க. ஒங்க மரியாதை கெடக்கட்டும், மொதல்ல எம் பேரக் காப்பாத்துங்க."

மூன்று மாத யோசனை

கெலுகோர் சந்தையில் தோசைக்கடை போட்டிருந்த பாக்கியம் அக்காவின் கணவர், படகை அறுக்கலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தார். துளை போட்டு வெயிலில் வைத்தால் தானாகக் காயாதா என்பது அவருடைய கேள்வி. ஒரு நாள் அக்காவே வந்துவிட்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். பதினோரு வருடத்தில் இதை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

"சட்டி கழுவுற ஸ்பான்ஜ நனைச்சு டப்பாவுல போட்டு மூடி வச்சா காயுமா தம்பி? இதுக்கா இந்த மனுசன் மூணு மாசம் தூங்காம பொரண்டாரு?"

பாக் மாட் சொன்னது

ஒரு சனிக்கிழமை, வெயில் ஏறுகிற நேரம். மலாய் மீனவர் பாக் மாட் தன் மரப்படகில் 'கமலா'வைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே மாமாவும் இரண்டு கூட்டாளிகளும் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது பின்னாலிருந்து வந்த ஒரு அலை, தாழ்ந்திருந்த பின்பக்கத்தின் மேல் சாவகாசமாக ஏறி உள்ளே வந்திருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டது. அடுத்த அலையும் வந்திருக்கிறது. பாக் மாட் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது. ஒரு கூட்டாளியின் மூக்குக்கண்ணாடி போயிற்று, சாப்பாட்டுக் கேரியர் போயிற்று, பிடித்த மீனெல்லாம் கடலுக்கே திரும்பிப் போயிற்று. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்து இறக்கினேன். என் மரியாதையைக் காப்பாற்றப் போய் இந்த மனிதரைக் கடலில் விடப் பார்த்தேனே என்று அழுகை வந்தது. "நாளைக்கே படகை அறுக்கிறேன் மாமா" என்றேன். அவர் இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முகம் வெளிறிப்போயிற்று, அது அலையைப் பார்த்ததால் என்று நினைத்தேன். பாக் மாட் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே 'கமலா'வை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிட்டு வயிறு நிறைந்தவர்கள் சொல்லும் 'கென்யாங்' என்ற மலாய்ச் சொல்லை ஒரு படகுக்குச் சொல்லி அன்றுதான் கேட்டேன்; இந்தப் படகுக்கு வயிறு நிறைந்துவிட்டதாம்.

"பெராஹு இனி சுடா கென்யாங் லா, தம்பி."

பாய்க்குக் கீழே

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எட்டுப் பேர் சேர்ந்து 'கமலா'வை உருளைக் கட்டைகள் மேல் தள்ளிப் பட்டறைக்குள் கொண்டுவந்தோம். பிறகு நான், வேலு அண்ணன், மாமா மூன்று பேர்தான். அன்று காலைப் பூசையில், இவன் ஏன் இவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிறான் என்று பாதிரியார் நினைத்திருப்பார், அப்படி ஜெபித்திருந்தேன். "அறுக்கிறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும் மாமா" என்றேன். மாமா என் முகத்தைப் பார்க்காமல், "முதல்லை அறும். பிறகு சொல்லும்" என்றார். நான் நாற்காலியைத் தூக்கப் போனேன். அது வரவில்லை. "பாயை எடுக்கத்தான் வேணுமோ?" என்று மாமா கேட்டார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

பாயில் நாற்காலிக் கால்கள் நுழைய நாலு ஓட்டை வெட்டியிருந்தது, வேலு அண்ணன் அதைக் கிழித்து எடுத்தார். நாற்காலியின் நாலு கால்களிலும் இரும்புப் பட்டை, ஒவ்வொரு பட்டைக்கும் தளத்தில் இறங்கிய ஒரு தடிமனான பித்தளை ஆணி. அலையில் நாற்காலி நகர்கிறது என்று மாமாவே முறுக்கி இறக்கியிருக்கிறார், படகைக் கடலில் விட்ட இரண்டாவது மாதமே. மாமா வெளியே திரும்பிப் பாலத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் ரம்பத்தை எடுத்து அறுத்தேன். தளத்தைத் தூக்கியபோது நாலு ஆணிகளுக்கு நேர் கீழே ஃபோம் அடர்ந்த மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சள் நாலு பக்கமும் பரவி அடி வரைக்கும் இறங்கியிருந்தது. கடல் தண்ணீர் மஞ்சளாக இருக்காது, மழைத் தண்ணீரும் இருக்காது. வேலு அண்ணன் ஒரு துண்டைப் பிழிந்து முகர்ந்து பார்த்தார். "தம்பி, மஞ்ச வாசன அடிக்குது" என்றார்.

மாமா பாலத்தைப் பார்த்தபடியே சொன்னார். வெள்ளிக்கிழமை தவறாமல் காலையில் ஜெட்டிக்குப் போய், இரண்டு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்துப் படகுக்குள் ஊற்றிக் கழுவிவிட்டுக் கற்பூரம் காட்டுவாராம். நாலு வருடமாக. மீன் வாடையோடு கற்பூரம் காட்டக்கூடாது என்பது அவர் நியாயம். நான் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னபோது மறுத்தது என் மேல் இருந்த நம்பிக்கையால் அல்ல, பாய்க்குக் கீழே இருந்த ஆணிகளால். ஆணி அடிக்கவேண்டாம் என்று மூன்று தடவை சொன்ன மருமகன் முன்னால் தலையாட்டியவர் அவர். என் முகத்தில் விழிக்கவே நாலு வருடமாகப் பயந்திருக்கிறார். அதில் கடைசி இரண்டு வருடம் நானும் அவர் முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் என் முறை பாக்கி இருந்தது. அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், நான் வழவழப்பாக மூடிய இடத்தைக் காட்டினேன். இங்கே ஒரு ஓட்டை இருந்திருக்கவேண்டும், இருந்திருந்தால் நீங்கள் எத்தனை வாளி ஊற்றினாலும் வடிந்திருக்கும், இதை மூடியது நான், தெரிந்து இரண்டு வருடமாக மறைத்தேன் என்றேன். மாமா குனிந்து சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். விரல் போகவில்லை. வேலு அண்ணன் என்னைப் பார்த்தார், மூடிய ஓட்டையைப் பார்த்தார். "நாலு வார்த்த கேக்கணும்னு சொல்லியிருந்தேன்ல தம்பி. இப்ப வேணாம், அப்புறமா கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு உளியைத் தேடப் போய்விட்டார்.

மாமாவும் நானும் தனியாக நின்றோம். தரையில் ஃபோமிலிருந்து வடிந்த மஞ்சள் தண்ணீர் குளமாகத் தேங்கியிருந்தது. கடற்கரை ஓரமாகக் கமலா கையில் தேத்தண்ணி பிளாஸ்கோடு வருவது தெரிந்தது. நாற்பது வருடம் மேலதிகாரிகளுக்குப் பதில் எழுதிய தலைமைக் கிளார்க் சட்டென்று நிமிர்ந்தார். என் தோளில் கைபோட்டார். கல்யாண நாளில்கூட அவர் அதைச் செய்ததில்லை. "கேளும் தம்பி. ஓட்டை போட்டது நான், ஓட்டையை அடைச்சது நீர். ரெண்டையும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. மழைத் தண்ணி எண்டு சொல்லுவம்" என்றார். என் பாதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைச் சொல்லாமல், நான் சரி மாமா என்றேன். கமலா உள்ளே வந்தாள். அறுத்த படகைப் பார்த்தாள், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாம் மழைத் தண்ணி பிள்ளை என்றார். அவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"பினாங்குல எப்ப இருந்துப்பா மஞ்ச மழை பெய்யுது?"

அதற்குப் பிறகு பட்டறையில் எத்தனையோ படகுகளை அறுத்தேன். தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று என்று கேட்டதும் மழையைக் கைகாட்டிய எந்தப் படகுக்காரரிடமும் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டு, அடியில் வடிய ஒரு ஓட்டையை மட்டும் மறக்காமல் வைத்து அனுப்பினேன்.